எங்கள் வீட்டு மீனும் அம்மன் காட்டிய கையும்

2003ஆம் ஆண்டு ஆடி மாதம் எங்கள் வீட்டு மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கத் தொடங்கியது. ஒரு மீனுக்காகவா அம்மன் முன்னால் விழுந்து அழுதாய் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அது என் மகள் சுகந்தியின் மீன். சித்திரை வருஷப்பிறப்பு முடிந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது, கேகாலையில் வாங்கிய கண்ணாடித் தொட்டியோடு அதை என்னிடம் விட்டுப் போனாள். மாதம் ஒரு தடவை புளத்கொகுபிட்டிய டவுனில் இருக்கும் டெலிபோன் கடைக்கு அழைப்பு எடுத்து என்னோடு பேசுவாள். முதல் கேள்வியே மீன் எப்படி இருக்கிறது என்பதுதான். மீன் செத்தால் அங்கே என் பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது.

சோறு இறங்கவில்லை. மலையில் ரப்பர் பால் வெட்டும்போதும் தொட்டிதான் கண்முன் நின்றது. நல்ல சிவப்பு மீன் வெளுத்துப்போய், வாலைச் சுருக்கிக்கொண்டு, மேல்தண்ணீரில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

நான் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. சும்மா இருந்த மீனுக்கு எப்படி வியாதி வரும்? நாட்களை எண்ணிப் பார்த்தேன். வியாழக்கிழமை கொஞ்சம் தேறிவிடும். சனிக்கிழமை மறுபடி படுத்துவிடும். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவது யார்? எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் புஷ்பம்.

புஷ்பத்தின் மகளும் குவைத்துக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தவள்தான். மெடிக்கல் பரிசோதனையில் தேறாமல் லயத்திலேயே இருந்துவிட்டாள். இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்? "மீன் நல்லா கொழுகொழுன்னு இருக்கேக்கா" என்று ஆனி மாதம் அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. சொன்ன வாய் சிரித்தது. கண் சிரித்ததா என்று யாருக்குத் தெரியும்?

ஆடி வெள்ளிதோறும் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குப் பாலாபிஷேகம் நடக்கும். அந்தத் தீர்த்தத்தைச் செம்பில் கொண்டுவந்து வீடெல்லாம் தெளிப்பேன். மகளின் பொருள் என்பதால் தொட்டியிலும் கொஞ்சம் விடுவேன். சந்தேகம் வந்த பிறகு செம்பு முழுவதையும் தொட்டியிலேயே கவிழ்த்தேன். விபூதியும் ஒரு பிடி போட்டேன். அப்படியும் மீன் எழும்பவில்லை என்றால், செய்தவள் எவ்வளவு பெரிய வேலை செய்திருப்பாள்!

ஒரு சனிக்கிழமை அவளைச் சோதித்துப் பார்த்தேன். தொட்டியும் மூடியும் சேரும் இடத்தில் குங்குமத்தால் சின்னக் கோடு இழுத்துவிட்டு, "பீலிக்குப் போய் தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன், இரு புஷ்பம்" என்று சொல்லிப் போனேன். திரும்பி வந்தபோது கோடு கலைந்திருந்தது. அவள் கை முழங்கை வரை ஈரம்.

"ஒன்னுமில்லக்கா" என்று முந்தானையில் துடைத்தாள்.

நான் ஒன்றுமே கேட்கவில்லையே! பிறகு ஏன் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும்?

அன்று மாலையே கோயிலில் விழுந்தேன். "தாயே, எம்புள்ளையோட மீனக் காப்பாத்து. அதுக்குக் கேடு செய்யிற கைய எனக்குக் காட்டிக் குடு. வர்ற வெள்ளி அவ பேரச் சொல்லித் தேங்கா ஒடைக்கிறேன்" என்று வேண்டினேன். ஒருவர் பெயரைச் சொல்லிச் சாபமிட்டுத் தேங்காய் உடைத்தால் அது அவர்களைச் சும்மா விடாது. தெரிந்துதான் சொன்னேன்.

புதன்கிழமை, ரம்புக்கனையில் இருந்த என் வீட்டுக்காரரின் சித்தப்பா இறந்துவிட்டார். பங்காளி வீட்டுச் சாவு. பதினாறு நாள் தீட்டு. கோயில் படி மிதிக்கக் கூடாது. தேங்காயும் இல்லை, தீர்த்தமும் இல்லை. "கதவச் சாத்திட்டியே, இது நியாயமா?" என்று அம்மனிடம் சண்டை பிடித்தேன்.

சனிக்கிழமை மீன் செத்துக் கிடக்கும் என்று பயந்துகொண்டே எழுந்தேன். மீன் வாலை ஆட்டியது. புஷ்பம் வழக்கம்போல் வந்தாள், இருந்தாள், போனாள். அடுத்த சனிக்கிழமை மீன் நேராக நீந்தி வந்து தீனி தின்றது. அன்றும் புஷ்பம் வந்தாள்.

எனக்குக் கணக்கு இடித்தது. புஷ்பம் ஒரு வாரமும் தவறவில்லை. தவறியது என் செம்பு மட்டும்தான். செம்பை எடுத்து மோந்து பார்த்தேன். புளித்த பால் நாற்றம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மனிடம் நான் கேட்டது கேடு செய்யும் கையை. அவள் காட்டிவிட்டாள்.

புஷ்பத்தைக் கூப்பிட்டு, நான் ஊற்றிய தீர்த்தத்தால்தான் மீன் படுத்தது என்று சொன்னேன்.

"தெரியும்க்கா. கொழும்புல நான் வேல செஞ்ச வீட்டுல மீன் தொட்டி இருந்துச்சு. பால் விழுந்தா தண்ணி கெட்டுப்போகும். நீங்க அங்கிட்டுப் போறப்ப பழைய தண்ணிய அள்ளிட்டு நல்ல தண்ணி ஊத்துவேன். அம்மன் தீர்த்தத்த ஊத்தாதீங்கன்னு ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? சும்மாவே மொறைக்கிறீங்க" என்றாள்.

"ஒம்பேரச் சொல்லித் தேங்கா ஒடைக்க இருந்தேன் புஷ்பம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. எழுந்து போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. மீன் துள்ளி விளையாடியது, எனக்கோ வாசலைப் பார்த்தே நாள் போனது. மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். நேரே கோப்பையை எடுத்துத் தொட்டித் தண்ணீரை அள்ளத் தொடங்கினாள்.

"தேத்தண்ணி போடவா?" என்றேன்.

"சீனி கொறச்சுப் போடுங்க" என்றாள். அடுப்படியில் நின்று அழுதேன்.

சுகந்தி 2005இல் சுகமாக வந்து சேர்ந்தாள். தன் மீனைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். என் சந்தேகப் புத்தி முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் கோழி முட்டை ஒன்று குறைந்தால் நாலு வீட்டையும் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போவதில்லை. என்னைப் போன்ற அம்மன் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவே இதை எழுதுகிறேன். யார் பெயரையாவது மனதில் வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டிருந்தால், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். கட்டாயம் காட்டுவாள். அது உங்கள் கையாகவே இருந்தாலும் பயப்பட வேண்டாம். சாபத்தோடு வந்த என்னையே அவள் கைவிடவில்லை.