பதக்கம் இல்லாத பெட்டி

புலம்பெயர்ந்து வந்து பாபகூராவில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் யேசுராசா, ஜப்பானியப் படைப் பதக்கங்களுக்கான பெட்டிகளைச் சேர்த்தார். பதக்கங்களை அல்ல, வெறும் பெட்டிகளை. கறுப்பு அரக்குப் பூசிய மூடி, அதில் தங்க எழுத்துகள், உள்ளே வெல்வெட்டில் பதக்கத்தின் வடிவத்தில் ஒரு பள்ளம்.

"பதக்கம் ஆரையோ கொன்றதுக்குக் குடுக்கிறது. பெட்டி ஒருத்தரையும் கொல்லேல்லை" என்பார். மன்னாரில் இரண்டு அண்ணன்மாரைப் போருக்குக் கொடுத்தவர். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

மனைவி டோறின் முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். மூடிகளில் இருப்பதை வாசிப்பதற்காகவே ஐம்பது வயதில் ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் இருவரும் பழம்பொருள் கடைகளுக்குப் போவார்கள். அவர் வெல்வெட்டைத் தடவிப் பார்ப்பார், டோறின் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பார்.

ஒருநாள் கிழிந்த வெல்வெட்டை ஒட்டுவதற்காக உயர்த்தியபோது அடியில் ஒரு தாள் கிடந்தது. மையால் எழுதிய ஒரு பெயர், ஓர் ஊர். அதை வாசிக்க டோறினுக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்த ஊர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது, தாளில் பெயர் இருந்த படைவீரரின் மகள் ஹருயேயிடமிருந்து. அவருக்கு எண்பத்தாறு வயது.

போர் முடிந்த பிறகு வீட்டைச் சோதிக்க வந்த ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் பெட்டியை எடுத்துப் போனானாம். பதக்கத்தை மட்டும் அம்மா அரிசிக்குள் புதைத்துவிட்டாராம். 'அப்போது எனக்கு ஒன்பது வயது. பெட்டியை ஒருமுறை பார்க்க ஆசை. படம் அனுப்பினாலும் போதும்.'

டோறின் வாசித்துச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இஞ்சேருங்கோ, படம் மட்டும் காணாது. பெட்டியையே அனுப்புவம்."

"ஓம், அனுப்புவம்" என்றார் யேசுராசா.

அதே மாதம்தான் டோறினின் கணையத்தில் கட்டி இருப்பது தெரிய வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் இரண்டு தடவை கேட்டார். "அனுப்பிட்டீங்களே?"

"நீர் சுகமாகி வாரும். ரெண்டு பேருமாப் போய் அனுப்புவம்."

"அந்த மனிசிக்கு வயசு போகுதப்பா."

அவர் பேச்சை மாற்றினார். பெட்டியை அனுப்பிவிட்டால் டோறினுக்குத் திரும்பி வர ஒரு காரணம் குறைந்துவிடும் என்று எண்ணினார். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஓகஸ்டில் டோறின் போனார். அதன் பிறகு பெட்டியைத் தொடவே முடியவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் எழுதி டோறின் உள்ளே வைத்த சிறு துண்டு அதில் இருந்தது, பென்சில் எழுத்தில்.

அடுத்த ஜூனில்தான் அந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டியை அனுப்பினார். ஏழு வாரத்தில் அதே பெட்டி திரும்பி வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம், ஹருயேயின் பேத்தி எழுதியது. பாட்டி பனிக்காலத்தில் இறந்துவிட்டார். கடைசி வரை தபாற்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். பதக்கத்தை அவரது சாம்பலோடு குடும்பக் கல்லறையில் வைத்துவிட்டோம். காத்திருந்தவர் பாட்டிதான், பெட்டியை வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை என நினைக்கிறோம். மன்னிக்கவும்.

நகரின் மறுகோடியில் ஆல்பனியிலிருந்து மகள் ஜெசிக்கா வந்தபோது அவர் அடுப்படிக் கதிரையில் இருந்தார். அவள் கடிதத்தை வாசித்துவிட்டு, இது உங்கள் பிழை இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என்ர பிழைதான், பிள்ளை. அம்மா சொன்னவ. ஒருக்கா இல்லை, மூண்டு தரம் சொன்னவ."

ஜெசிக்கா பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்தாள். டோறின் போன நாளில்கூட அழாதவர் அன்று மகளின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேத்திக்கு நான்கு வரி எழுதினார். 'என் மனைவி உடனே அனுப்பச் சொன்னாள். அவள் நல்லவள். நான்தான் அனுப்பவில்லை. அவளைப் பிழையாக நினைக்க வேண்டாம்.'

கடிதத்தை அன்றே தபாலில் சேர்த்தார். பிறகு காரில் ஏறி, எங்கே போவது என்று தெரியாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்.