முட்டையில் இல்லாத மருந்து

முட்டையின் மஞ்சள் கருவைப் போல அடம்பிடிக்கும் பொருளை நான் பார்த்ததில்லை. கொழுப்பும் புரதமுமாகக் குழம்பிக் கிடக்கும் அதிலிருந்து, கோழிக்குக் கொடுத்த மருந்து துளி மிஞ்சியிருந்தாலும் பிரித்தெடுக்க வேண்டும். நாமக்கல்லில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பல வருடங்களாக இதுதான் என் பிழைப்பு. இப்போது ஆம்லெட் வாசனை வந்தாலே அலுப்பாக இருக்கிறது.

இந்த வேலைக்கென்றே ஒரு பாலிமர் தூள் சின்னக் குழாய்களில் அடைத்து வருகிறது. தேடும் மருந்தையே அச்சாக வைத்து, அதைச் சுற்றிப் பாலிமரை இறுகவைத்து, பிறகு மருந்தைக் கழுவி எடுத்துவிடுவார்கள். மருந்தின் வடிவத்தில் குழிகள் மிஞ்சும். முட்டைக் கரைசலை ஊற்றினால் மற்றதெல்லாம் வழிந்தோட, அந்த மருந்து மட்டும் குழியில் போய் உட்காரும். கழுவியது போதாவிட்டால் அச்சுக்கு வைத்த மருந்தே கசியும். அதனால் புதுப் பெட்டி பிரித்தால் முதலில் முட்டையே இல்லாமல் வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அன்றைய கடைசி மாதிரிக்குப் புதுப் பெட்டி பிரித்தபோது நான் அப்படி ஓட்டவில்லை. காலையிலிருந்து மேசை நிறைய மாதிரிகள், போதாததற்கு இடுப்பு வலி. பழைய பெட்டி ஒழுங்காகத்தானே இருந்தது என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதிரி வந்த பண்ணையின் முட்டையில் மருந்து இருப்பதாக அறிக்கை போனது. ஏற்றுமதி லோடு நின்றது. பண்ணைக்காரர் நேரில் வந்தார்.

"நம்ம பண்ணைல அந்த மருந்தே வாங்கறதில்லீங்க மேடம். இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்க."

எல்லோரும் பாடுகிற பாட்டுதான் என்று எனக்கு எரிச்சல். முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்த முட்டைகள் அத்தனையிலும் அதே மருந்து காட்டியபோதுதான் உறைத்தது. வெறும் கரைப்பானை ஓட்டினேன். அதிலும் மருந்து. உடனே அந்தப் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன்.

"தப்பு எங்க மேலதாங்க. உங்க முட்டைல ஒண்ணுமில்லை. அறிக்கையைத் திருத்தித் தர்றேன்."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கோழிச் செட்டுல வேல பாத்த புருசனும் பொண்டாட்டியுந்தான் எனக்குத் தெரியாம தீவனத்துல கலந்துட்டாங்கன்னு நெனச்சு, அன்னைக்கே அனுப்பிட்டனுங்க. நாங்க இல்லீங்கன்னு அந்தப் புள்ள அழுதுச்சு."

"இப்ப எங்கிருக்காங்க?"

"தெரியலீங்க. ஆத்தூர்ப் பக்கம் போனதாச் சொல்றாங்க."

திருத்திய அறிக்கை பத்து நிமிடத்தில் தயாரானது. வெட்கமாக இருந்தது. முட்டையில் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி எழுத அதில் இடமில்லை. அவள் பெயரும் எனக்குத் தெரியாது.