யமே சொன்ன பிறகு விழுந்த குத்து

நிறுத்தச் சொன்ன பிறகும் அடித்தேன். அடித்ததோடு நிற்காமல் பொய்யும் சொன்னேன். இரண்டையும் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி ஆலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்றார் டாக்டர். நடக்கச் சோம்பல்பட்டுக் கராத்தேயில் சேர்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதல் நாள் வெள்ளை பெல்ட் என் வயிற்றைச் சுற்றி வந்து, முடிச்சுக்கு நுனி போதாமல் நின்றது. ஹாலே சிரித்தது. அன்றிலிருந்து அங்கே கோமாளி வேலையும் எனக்குத்தான்.

ஞாயிறு காலை வகுப்பு. சண்டைக்கு முன்னும் பின்னும் எதிரே நிற்பவரைக் குனிந்து வணங்க வேண்டும். மாஸ்டர் ‘யமே’ என்றால் நிறுத்து என்று பொருள். பாதி வழியில் போகிற கையும் நின்றுவிட வேண்டும். அவர் கண்டித்தால் காரணம் சொல்லக் கூடாது. ‘ஓஸ்’ என்று ஏற்றுக்கொண்டு தலைகுனிய வேண்டும்... அவ்வளவுதான் மரியாதை.

அன்று என் எதிரே பரிமளா. பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை, ஏழு வருடப் பயிற்சி. அடுத்த ஞாயிறு அவருக்குப் பிரவுன் பெல்ட் தேர்வு. அது கிடைத்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே கற்றுத்தரும் வேலை. எல்லாம் பேசி முடித்திருந்தார்கள்.

“பயப்படாதீங்கண்ணா, மெதுவாத்தான் வருவேன்” என்றார்.

மெதுவாகத்தான் வந்தார். எனக்கோ டிரெய்லர் லாரியே ஏறி வருவது போல இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் சுழற்றினேன். சட்டைக்குள் கரப்பான்பூச்சி புகுந்தவனும் அப்படி ஆடியிருக்க மாட்டான்.

பக்கத்து ஜோடியைத் திருத்திக்கொண்டே மாஸ்டர் எல்லோருக்குமாக “யமே” என்றார்.

எனக்குக் கேட்டதா? கேட்டது... நன்றாகவே கேட்டது. பரிமளா கைகளை இறக்கி எனக்கு வணக்கம் வைக்கக் குனிந்தார். என் குத்து அவர் வாயில் விழுந்தது.

மாஸ்டர் திரும்பினார். “இன்னாய்யா ஆச்சி?”

உதட்டில் ரத்தம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஹாலில் சிரிப்பில்லாமல் நிற்க எனக்குத் தெரியாது. யோசிப்பதற்குள் வாய் திறந்துகொண்டது.

“அவங்க முன்னாடியே கைய எறக்கிட்டாங்க சார். அப்பாலதான் நீங்க யமே சொன்னீங்க.”

“ஏம்மா, ஏழு வருசமா கத்துக்கினு, நான் சொல்றதுக்கு முன்னாடி கைய எறக்குவியா? நீ புள்ளைங்களுக்கு இன்னா சொல்லித் தருவ? இந்தத் தபா டெஸ்ட் வேணாம். ஆறு மாசம் போவட்டும்.”

பரிமளா என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு மாஸ்டருக்குக் குனிந்தார்.

“ஓஸ்.”

பள்ளிக்கூடம் ஆறு மாதம் காத்திருக்குமா? வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். அன்று மாலை சொல்லியிருக்கலாம், மறுநாள் சொல்லியிருக்கலாம்... தேர்வு நாள் வரை ஒரு வாரம் முழுசாக என் கையில் இருந்தது. தினமும் போனை எடுத்தேன். மாஸ்டருக்கு ஜோக் வீடியோ ஒன்றை அனுப்பிவிட்டுக் கீழே வைத்தேன்.

தேர்வு முடிந்த அன்று ஹாலின் மாடிப்படியில் பரிமளாவைப் பிடித்தேன்.

“ஏம்மா, நீ உண்மைய சொல்லியிருக்கலாமே?”

“கிளாஸ்ல காரணம் சொல்லக் கூடாதுல்லண்ணா.” செருப்பு வாரை இழுத்து மாட்டியபடியே சொன்னார். “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒதட்டுல தழும்பு வுழுந்தாலும் ஹீரோயின் மாரிதாம்மா கீற” என்றேன். குத்துக்காவது பயம் என்று சாக்கு இருக்கிறது. அந்த ஜோக்கிற்கு என்ன இருக்கிறது?

இப்போதும் வகுப்புக்குப் போகிறேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. மஞ்சள் பெல்ட் வாங்கிவிட்டேன். கட்டிவிடும்போது, “இந்த வயசுலயும் இன்னா ஒழுக்கம் பாருங்க” என்றார் மாஸ்டர்.

சில ஞாயிறுகளில் பரிமளா என் எதிரே நிற்பார். ‘யமே’ கேட்டதும் மற்றவர்களுக்கு நின்ற இடத்திலேயே குனிகிறார். எனக்கு மட்டும் இரண்டடி பின்னால் போய், என் கைகள் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு குனிகிறார்.

நானும் குனிகிறேன். அவர் நிமிர்ந்த பிறகும் எனக்கு நிமிர வருவதில்லை. மாஸ்டர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.