கேட்டதும் பிறந்த பெயர்

சுனாமி வந்த வாரம் கடலூரில் ஓர் உதவி முகாமில், காணாமல் போனவர்களைத் தேடிச் சொல்லும் மேஜை என்னுடையது. ஜாவாவில் புரோகிராம் எழுதத் தெரியும் என்ற திமிர் வேறு. ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த பட்டியல்களைத் தேட ஒரே நாளில் புரோகிராம் எழுதினேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன்.

பெயரைக் கேட்டால் அந்த ஆளின் விவரத்தை எடுத்துக் கொடுப்பதுதான் அதில் கெட்டர் மெத்தட் என்ற பகுதியின் வேலை. விவரம் இல்லையென்றால் புரோகிராம் நின்றுவிடுமே என்று, அந்த நொடியே அதே பெயரில் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட்டை, அதாவது ஒரு பதிவை, உருவாக்கிப் பட்டியலில் சேர்த்துக் கொடுக்கும்படி எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரிப் பட்டியல்தானே என்று, புதிதாகப் பிறக்கும் ஒவ்வொன்றுக்கும் நிலை 'சிகிச்சையில்'. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன், மடையன்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் ஒரு மீனவப் பெண்.

"தம்பி, எங்க வூட்டுக்காரரு பேரு எதுலயாவது இருக்குதான்னு பாருப்பா."

பெயரை அடித்தேன். வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்ற கட்டம் காலி. சிதம்பரத்துப் பட்டியல்களில் அதை யாரும் நிரப்பி அனுப்புவதில்லை.

"இருக்காருக்கா! சிதம்பரமாத்தான் இருக்கும், போய்ப் பாருங்க."

"நீ நல்லா இருக்கணும் சாமி," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

அடுத்து வந்தவர் தேடிய ஆளும் சிகிச்சையில். அதற்கடுத்தவர் தேடியவரும். ஐந்தாவது பெயரும் அப்படியே வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் காகிதப் பட்டியலை எடுத்தேன். அந்த மீனவப் பெண்ணின் கணவர் பெயர் எதிலும் இல்லை. அந்தப் பெண்ணைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சிதம்பரம் பஸ் போய்விட்டிருந்தது. போன் பண்ண அவரிடம் போனும் இல்லை.

அன்று மதியம், அடையாளம் தெரியாத உடல்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள்.

சிதம்பரத்தில் வார்டு வார்டாகத் தேடிவிட்டு மறுநாள் அந்தப் பெண் திரும்பி வந்தார். படங்களைக் காட்டினோம். ஏழாவது படத்தில் விரல் நின்றது.

"நேத்து இங்கியே இருந்திருந்தா மொகத்த ஒரு தடவ பாத்திருப்பேனே தம்பி."

தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. கோழை நான். ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் தப்பாக எழுதி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே அவர் போனார்.

அவர் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பெயரை அழித்தேன். போய்விட்டதா என்று பார்க்க, பழக்கத்தில், மறுபடியும் அதே பெயரை அடித்தேன்.

வந்தது. சிகிச்சையில்.