வரலாற்றுக்காகக் காலி செய்த அறை

நான் சிஸ்டம் இன்ஜினியராக வேலை பார்த்த பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துக்கு ஒரு வரலாறு எழுத வேண்டும் என்று எங்கள் இயக்குநருக்கு ஒருநாள் தோன்றியது. வரலாற்றின் மேல் திடீர்ப் பற்றெல்லாம் இல்லை. புது இயந்திரத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருவது உறுதியாகியிருந்தது. அவர் கையில் கொடுக்கப் பளபளப்பாக ஒரு மலர் வேண்டும். அதன் முதல் பக்கத்தில் தன் படம் வேண்டும். அவ்வளவுதான்.

அவர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கூட்டங்களில் என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார். காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் இந்தி கலந்த தமிழ் வரும்.

“மேடம், நீங்கதான் இங்க ரொம்ப புரானா... பழைய ஆளு. ஒரு ஹிஸ்டரி எழுதிக் குடுங்க. ஜல்தி. ரொம்ப டீப்பா போக வேணாம்.”

ஆழமாகப் போகிற பழக்கம் அவருக்கு எதிலுமே கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். எழுதத் தகுந்த கதை அங்கே இருந்தது. அடித்தளத்தில் ஓர் அறை நிறையப் பழைய அறிக்கைகள், புகைப்படங்கள், பருவமழையைக் கணித்த பழைய கம்ப்யூட்டர் கணக்குகளைப் பதிந்துவைத்த டேப்புகள். அந்தக் குளிர்காலம் முழுக்க சால்வையைப் போர்த்திக்கொண்டு அங்கேயே கிடந்தேன்.

மையத்தைத் தொடங்கிய பேராசிரியர் ஓய்வுபெற்று தில்லி மயூர் விஹாரில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கோயம்புத்தூர்க்கார அம்மாள். பெரிய இயந்திரம் வாங்க வழியில்லாத காலத்தில், சாதாரணக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து மாணவர்களோடு சேர்ந்து தானே ஒன்றைக் கட்டியவர். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

“வரலாறா? அவனா கேட்டான்? எங்கிட்டப் படிச்ச காலத்துல, மெஷின் ரூமுக்குள்ள டீ கிளாஸோட வராதேன்னு சொல்லிச் சொல்லியே அவங்கிட்ட என் தொண்டை வத்திப்போச்சு கண்ணு.”

ஆனால் நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு கோடை முழுக்க ஒரு பழுதான சர்க்யூட் போர்டினால் கணக்கெல்லாம் தப்பாக வந்ததையும், அதை நம்பி எழுதிய கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றதையும் அவராகவே சொன்னார்.

“இதையும் எழுதணுங்களா?” என்றேன்.

“இதைத்தான் மொதல்ல எழுதோணும். தப்பை விட்டுட்டா அது வரலாறில்ல, கல்யாணப் பத்திரிகை.”

எழுதினேன். இயக்குநர் அதைப் படிக்கவில்லை, புரட்டினார். “இந்த புரொஃபசர் மேடம் பத்தி இவ்ளோ எதுக்கு? ஒரு லைன் போதும். தப்பெல்லாம் கேன்சல்.” பிறகு அட்டைக்காகத் தேர்ந்தெடுத்த படத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிற அலமாரி, முகப்பில் பச்சை விளக்குகள்.

“சார், இது கம்ப்யூட்டர் இல்ல. கம்ப்யூட்டரைக் குளிர வைக்கிற ஏசி.”

“அச்சா? ஆனா இதுதான் பார்க்க சூப்பர் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு.”

உண்மையான இயந்திரம் இரும்புத் தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பெட்டிகள்தான். அது அவர் கண்ணுக்கு எடுபடவில்லை. ஒரு விளம்பரக் கம்பெனியை அழைத்தார். பழைய தொடக்கவிழாப் படத்தில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்றிருந்த அவர், கம்பெனிக்காரர்களின் கைவண்ணத்தில் நடுவுக்கு வந்துவிட்டார். பேராசிரியரை நீக்கியவர்கள் அவர் சேலைத் தலைப்பை மறந்துவிட்டார்கள். இயக்குநரின் தோளருகே அது மட்டும் யாருடையதென்று தெரியாமல் தொங்கியது. அதுகூட அவருக்கு உறுத்தவில்லை.

விழா நெருங்கிய ஒரு காலையில் அடித்தளத்துக்குப் போனேன். அறை காலியாக இருந்தது. பெயிண்டர் ஒருவர் சுவருக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். நேராக இயக்குநர் அறைக்கு ஓடினேன்.

“ஹிஸ்டரி கேலரி வருது மேடம். இடம் வேணுமில்ல? புரானா சாமானெல்லாம் கபாடிவாலா எடுத்துட்டுப் போயிட்டான்.”

“காயலான் கடைக்கா போட்டீங்க? அந்த டேப்புல இருந்ததுக்கு வேற பிரதி கிடையாது சார்.”

“அதைப் படிக்கிற மெஷினே இப்ப கிடையாதே! நான் கேட்டுட்டேன்.”

படிக்க வேறொரு நிறுவனத்தில் வசதி இருந்தது. அதை இரண்டு தடவை அவருக்கே எழுதிக் கொடுத்திருந்தேன். அவரிடம் இனிப் பேசி ஆவதில்லை என்று தோன்றியது. “மலர்ல என் பேரைப் போடாதீங்க” என்றேன்.

“போடவே இல்ல மேடம். டோன்ட் வொர்ரி.”

விழாவன்று அந்த ஏசியைத் துடைத்து, பழைய அறையின் நடுவில் நிறுத்தி, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அமைச்சர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் அத்தனை விஞ்ஞானிகள் இருந்தார்கள். அத்தனை பேரும் கை தட்டினார்கள். பேராசிரியர் பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஏசிக்கு மாலை போட்டிருக்கான் பாரு” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “இங்க இருந்த டேப்பெல்லாம் எங்க கண்ணு வெச்சிருக்காங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். தேநீருக்குக்கூட நிற்காமல் எழுந்து வெளியே நடந்தார். ஆட்டோவில் ஏற்றிவிட்டபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “பையங்க சோறு தண்ணியில்லாம ஓட்டுன மழைக் கணக்கு அதுல இருந்துச்சு.”

இயக்குநர் அடுத்த ஆண்டே பெரிய பதவி கிடைத்து வேறு நிறுவனத்துக்குத் தலைவராகப் போனார். கிளம்புமுன், அந்தப் பழைய கணக்குகளைக் கேட்டு எழுதிய வெளியூர் ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு அவர் அனுப்பிய பதில், அந்த மலர்தான். அதையும் வாழ்த்துகளோடு அனுப்பியிருந்தார்.

அந்தப் பெண் விடவில்லை. என் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். பேராசிரியரிடம் அழைத்துப் போனேன். வெளிவந்த கட்டுரைகளை வைத்துக்கொண்டு இருவரும் மழையைக் கணித்த அந்தப் பழைய கணக்கு மாதிரியை மறுபடி கட்டப் பார்க்கிறார்கள். சென்ற வாரம் நானும் கூட இருந்தேன். அந்த மாதிரியில் போட்டிருந்த ஓர் அளவு எவ்வளவு என்று அவள் கேட்டாள். பேராசிரியர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார்.

“ஞாபகமில்ல சாமி. சும்மா ஒண்ணைச் சொல்ல மாட்டேன். தெரியலைன்னே எழுதிக்கோ” என்றார்.

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.