சிவப்பு நோட்டில் பத்தொன்பது பாஸ்வர்டுகள்

“உங்கள் பூட்டு நல்ல பூட்டா?” என்று ஊர் ஊராய்க் கேட்டுக்கொண்டு போவதுதான் என் வேலை, திருடன் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பான்.

கிள்ளானில் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி ஒன்று, எங்கள் கோலா சிலாங்கூர் வட்டாரத்திலும் அதைச் சுற்றியும் உள்ள தோட்டங்கள், ஆலைகள், கடைகள் என்று இருபத்திரண்டு இடங்களில் விவரம் எடுக்க ஆள் தேடியது. கேள்வி மூன்றுதான். என்ன மெஷின்? அதை டெலிபோன் லைனில் இணைத்திருக்கிறீர்களா? வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் அது பாஸ்வர்ட் கேட்குமா? கான்வென்ட் இங்கிலீஷ் கைவசம் இருந்ததால் என்னை எடுத்தார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள், தேறினால் நிரந்தரம். இருபது வருடம் அடுப்படியில் நின்றவளுக்கு இது முதல் வேலை. “மூணு வாரம் தாங்கினா பெருசு,” என்றார் என் வீட்டுக்காரர். அன்றே முடிவு செய்தேன், இந்த வேலையை விடுவதில்லை என்று.

முதலாளி மிஸ்டர் லிம் ஒரே ஒரு விதி வைத்தார். “பாஸ்வர்ட் இருக்கிறதா என்று கேள். என்னவென்று கேட்காதே. உன்னால் ஒன்று வெளியே போனால், நீயும் வெளியே.” ஃபாரமும் கையுமாய் அலைந்த சக பாவிகளே, சத்தியமாக நான் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள்.

மூன்று பூட்டு

முதலில் போனது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். ஆபிஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, முனியாண்டி, ஓய்வு பெற நாலைந்து வருடம் இருக்கும். கம்ப்யூட்டர் அறைக்கு மூன்று பூட்டு போட்டிருந்தார். மூன்றையும் திறந்து, என் செருப்பைக் கழற்ற வைத்து, உள்ளே கூட்டிப்போனார். மெஷினுக்கு ஏர்கான், வெல்வெட் துணிப் போர்வை, திரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு. எங்கள் வீட்டில் எனக்குக்கூட இத்தனை கவனிப்பு கிடையாது.

பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். மோடம் பெட்டி, அதிலிருந்து டெலிபோன் கம்பி. யார் வேண்டுமானாலும் நம்பரைச் சுழற்றி இந்த வழியாக உள்ளே வரலாமே என்றேன். பாஸ்வர்ட் இருக்கிறது என்று சொல்லி, அது என்ன என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டு, கம்பியை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். “இவ்வளவு ஒல்லியா இருக்கே மேடம், இதுல எவன் நுழைவான்?”

மெஷினின் வாய்

கிள்ளான் ஆபிஸிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் மோடத்தில் கூப்பிட்டு, அங்கிருக்கும் மெஷின் என்ன பேசுகிறது என்று குறித்துக்கொள்வதும் என் வேலை. இதில்தான் எனக்கு ருசி தட்டியது. சில மெஷின் வாயே திறக்காது. பாஸ்வர்ட் என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். சில மெஷினோ வாசலில் நிற்பவனிடம் வீட்டுக் கதை முழுவதும் கொட்டும். கோலா குபு பாருவில் ரப்பர் வாங்கும் கடை ஒன்றின் மெஷின், கடையின் பெயர், தன் ரகம், தனக்கு எத்தனை வயது என்பதைச் சொன்னதோடு, பாஸ்வர்ட் மறந்தவர்கள் எந்தச் சொல்லை அடித்து உள்ளே வரலாம் என்றும் சொல்லிக் கொடுத்தது.

மறுநாள் பஸ் ஏறிப் போய், இதை எழுதி வைத்தது யார் என்று கேட்டேன். டைப்பிஸ்ட் லட்சுமி வெட்கத்தோடு கை தூக்கினாள். ஏன்டியம்மா இப்படி என்றதற்கு, “வர்றவங்ககிட்ட மரியாதையா நாலு வார்த்தை பேசாட்டி எப்படி லா, அக்கா?”

பதினோரு பேர்

எங்கள் டவுனில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், பூர்வீகம் நாகூர்ப் பக்கம். பாஸ்வர்ட் உண்டா என்று கேட்டேன். “உண்டும்மா, பரம ரகசியம்,” என்றவர், அது நினைவுக்கு வராமல், கடைக் கோடியில் அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கத்திக் கேட்டார். அவரும் கத்தியே பதில் சொன்னார். மிளகாய் வாங்க வந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

இதா பாய் ரகசியம் என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “கடையில நாங்க பதினோரு பேரு. பன்னிரண்டாவது ஆளுக்குத் தெரியாத வரைக்கும் ரகசியந்தானே? நீங்க கணக்குல இல்ல, நம்ம புள்ள.”

மனைவியும் நாயும்

ஆர்வம் என்று ஒரு சனியன் இருக்கிறதே. மனிதர்கள் ஒளித்து வைக்க என்ன சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. ஸ்டாம்ப் சேர்ப்பதுபோல் ஒரு சிவப்பு நோட்டில், இடத்தின் பெயரும் அவர்களாகச் சொன்ன பாஸ்வர்டும் எழுதிக்கொண்டே வந்தேன். யாருக்கும் காட்டப் போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம். இருபத்திரண்டில் பத்தொன்பது சேர்ந்தது. லோரி நம்பர் ஐந்து, நாய் பெயர் மூன்று, மனைவி பெயர் ஒன்றுகூட இல்லை.

ஈஜோக் பக்கத்து எண்ணெய் ஆலை இன்ஜினியர் தன் நாயின் பெயரை வைத்திருந்தார். வீட்டம்மா பெயர் ஆகாதா என்று சுருக்கென்று கேட்டேன். “அவ பேர வச்சா, அப்புறம் மாத்தும்போது யாருங்க அடி வாங்குறது?”

ஐஸ் பெட்டி மேல்

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் இறால் வாங்கினேன். மீன்காரச் சீனத்தி சில்லறை தேடியபோது பையைக் குடைந்தேன், நோட்டை வெளியே எடுத்து வைத்தேன், இறாலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும்தான் பையில் நோட்டு இல்லை என்று தெரிந்தது. ஆற்றைத் தாண்டி ஓடினேன்.

நோட்டு ஐஸ் பெட்டி மேல் பத்திரமாக இருந்தது, கொஞ்சம் மீன் வாடையோடு. யாராவது பார்த்தார்களா என்று மலாயில் கேட்டேன். சீனத்தி சிரித்தாள். “என் வீட்டுக்காரர் படிச்சார். பாவம், யாரோ நாய்க்குப் பேர் தேடுறாங்கன்னு சொன்னார்.”

ஐந்து மணிக்குள்

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு ராத்திரி முழுவதும் பத்தொன்பது வீட்டுச் சாவி அடுத்தவர் பெட்டி மேல் கிடந்திருக்கிறது. பிறர் ஓட்டைகளை ஃபாரம் ஃபாரமாக எழுதிய எனக்கு வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை லிம் மேசையில் நோட்டை வைத்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாய் பக்கத்தில் உதடு லேசாகத் துடித்தது. பிறகு, “பத்தொன்பது பேரும் ஐந்து மணிக்குள் மாற்ற வேண்டும். ஒருவர் பாக்கி என்றாலும் திங்கட்கிழமை நீ வராதே,” என்றார்.

கூப்பிட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். பாய் கத்தாமல் மாற்றினார். லட்சுமி அழுதுகொண்டே மாற்றினாள். பதினெட்டு முடிந்தது. முனியாண்டி லைனில் கிடைத்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிஷமே இருந்தது. “நீங்க ஆபிஸ் பையன்கிட்ட சொன்ன சேதி அப்பவே வந்துச்சு, மாத்திட்டேன் மேடம். மறக்கக் கூடாதுன்னு உங்க பேரையே வச்சிட்டேன்,” என்றார். ஐயோ, மறுபடி மாற்றுங்கள், என்னிடம் சொல்லவே சொல்லாதீர்கள் என்று அலறினேன். போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தேன். மூன்று பூட்டு திறக்கும் சத்தம், ஒற்றை விரலால் தட்டும் சத்தம். திரும்பி வந்து பெருமூச்சு விட்டார். “மாத்தியாச்சு. ஆனா உங்ககிட்ட சொல்லாம வச்சிட்டு, நாளைக்கு நானே மறந்துட்டா யாரை மேடம் கேக்குறது?”

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். அறிக்கையில் இருபத்திரண்டு இடங்களுக்குக் கீழே இருபத்து மூன்றாவதாக என் கைப்பையைச் சேர்த்து, பூட்டு உண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நானே எழுதினேன்.