ஒரு கைக்கு மட்டும் மருதாணி

ஸ்ரீவைகுண்டத்தில் காலைப் பாசஞ்சர் ஏறும்போது எனக்குத் தெரிந்த அரபி பூஜ்யம். டிக்கெட் பத்து ரூபாய், இறங்க வேண்டிய இடம் காயல்பட்டினம். மறுவாரம் மஸ்கட் போக வேண்டும். அங்கே என் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்குப் பாலைவனத்து எண்ணெய்க் கிணற்றில் வேலை. போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வீடு திரும்புவார். அவர் இல்லாத நேரம் வலி எடுத்தால் டாக்சிக்காரருக்கு வழி சொல்ல வேண்டியது நான்தான். வயல்காட்டில் யாரோடும் வாய் கொடுத்து ஜெயித்துவிடுவேன். அரபியில் வழி சொல்லத்தான் வாய் இல்லை. அதைப் படிக்கத்தான் இந்தப் பயணம்.

ஆமினா லாத்தா என் மகளுடைய தோழியின் அம்மா. காயல்பட்டினத்தில் அக்காவை லாத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். மஸ்கட்டில் பல வருடம் குடும்பம் நடத்தியவர். இஞ்சி தட்டிப் போட்ட தேயிலைத் தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். முஸ்தஷ்ஃபா என்றால் ஆஸ்பத்திரி. பின்த்தீ, என் மகள். வஜா, வலி. லா, இல்லை. இதெல்லாம் வந்துவிட்டது. யமீன் வலது, யஸார் இடது. இந்த இரண்டும் மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்றன.

“பரீட்சை வச்சிருவோம்” என்று தெருவில் போன ஆட்டோவை நிறுத்தினார் லாத்தா. ஓட்டிய காக்கா துபாயில் லாரி ஓட்டித் திரும்பியவர். “அரபியில சொன்னாத்தான் வண்டி திரும்பும், பாத்துக்கிடுங்க” என்றார். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. நான் சொன்னபடியெல்லாம் திருப்பினார் மனுஷர். கடைசியில் வண்டி கடற்கரை மணலில் போய் நின்றது.

“இனி தோணிதாம்மா பிடிக்கணும்” என்றார். லாத்தாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. வீட்டுக்குக் கூட்டிப் போய், அரைத்து வைத்திருந்த மருதாணியை எடுத்து என் வலது கை விரல்களுக்கு மட்டும் தொப்பி வைத்தார். “ஏளா, சிவப்பு யமீன். வெறுங்கை யஸார். விரல்ல உள்ளது போனாலும் நகத்துல உள்ளது லேசுல போவாது. அழுவாம போயிட்டு வா.”

திரும்பும் ரயிலில் எதிர் சீட்டுப் பெண் என் கைகளையே பார்த்தாள். “ஏன்க்கா, மருதாணி தீந்து போச்சா?”

“மறு கைக்கு மஸ்கட்ல வச்சிக்கிடுவேன்” என்றேன்.

மஸ்கட் போய் ஒரு மாதம் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மகளுக்கு வலி எடுத்தது. பயந்தபடியே மருமகன் பாலைவனத்தில். வந்த டாக்சியில் வெள்ளை அங்கி போட்ட பெரியவர் ஒருவர். “முஸ்தஷ்ஃபா! பின்த்தீ! வஜா!” என்று கத்தினேன். மனுஷர் பறந்தார். ஆனால் பெரிய சந்திப்பு வந்ததும் இடது பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பப் பார்த்தார். நாங்கள் செக்கப்புக்குப் போய்வந்தது வலது பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி. மகளுக்குக் கண்ணே திறக்கவில்லை. அவளிடமா வழி கேட்பது? குனிந்து என் கைகளைப் பார்த்தேன். விரல் வெளுத்திருந்தது. நகம் பளிச்சென்று சிவப்பு.

“லா, லா! யமீன்! யமீன்!”

ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடிவந்த நர்ஸ் கோட்டயத்துப் பெண். தமிழும் மலையாளமுமாகத் தைரியம் சொன்னாள். நான் படித்த அரபிக்கு டாக்சியோடு வேலை முடிந்தது. முடியட்டுமே, அதற்குத்தானே படித்தேன். சாயங்காலம் பேத்தி பிறந்தாள்.

மூன்று மாதம் இருந்து, இப்போது ஊருக்கு விமானம் ஏறுகிறேன். பேத்தி பிடித்துக்கொண்டு விடாத விரலில், வளர்ந்த நகத்தின் நுனியில் ஒரு கீற்றுச் சிவப்பு மிச்சமிருக்கிறது. வெட்டிவிடச் சொல்லி மகள் நச்சரித்தாள். காயல்பட்டினம் போய் ஆமினா லாத்தாவிடம் காட்டாமல் அதை வெட்டமாட்டேன்.